தயங்கி நிற்பவருக்கும் தண்டனை உண்டு: ஜூடோ பாயிலிருந்து வியாபாரிகளுக்குச் சில விடயங்கள்

நமது கடைத்தெருக்களில் காலை முதல் இரவு வரை அதிகம் கேட்கும் சொல் எது என்று என்னைக் கேட்டால் "பார்ப்போம்" என்பேன். விற்பனைப் பிரதிநிதி வந்து, விலை கூடப் போகிறது, இப்போதே ஓர்டர் போடுங்கள் என்றால், பார்ப்போம். மூன்று முறை செக் திரும்பிய வாடிக்கையாளருக்கு இன்னும் சாமான் கொடுப்பதா என்று கணக்கப்பிள்ளை கேட்டால், பார்ப்போம். படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் கடையில் நிற்கும் மகன், "வாப்பா, மேல்மாடியை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால் அதற்கும் பார்ப்போம்தான். உண்மையாகவே பார்த்துவிட்டு இரண்டு நாளில் பதில் சொல்லும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. பதில் சொல்லாமல் தப்புவதற்காக அந்தச் சொல்லைப் பாவிப்போரைப் பற்றித்தான் பேச்சு.

முடிவெடுக்கும் ஆற்றல் பற்றி முகாமைத்துவப் புத்தகங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதை உடம்பில் ஏற்றிக் கற்றுக்கொடுக்கும் இடம் எது என்று யோசித்தால் தற்காப்புக் கலைக் கூடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நமது ஊர்களில் பிள்ளைகளைக் கராட்டே வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் ஏராளம். கிழக்கு மாகாண முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி என்ற பழைய கலைகளும் உண்டு. இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது ஜப்பானின் ஜூடோவை. காரணம் எளிது. முடிவெடுக்காமல் நிற்பதை மற்றவர்கள் பலவீனம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஜூடோ அதைச் சட்டப்படி குற்றமாகவே வைத்திருக்கிறது.

ஜூடோ பாயின் மேல் நடக்கும் விளையாட்டு. தடித்த துணியால் தைத்த அங்கி அணிந்த இருவர், ஒருவர் மற்றவரின் கழுத்துப் பட்டியையும் கையையும் பிடித்துக்கொண்டு, எதிரியை வீழ்த்தப் பார்ப்பார்கள். வேகத்தோடும் வலுவோடும் கட்டுப்பாட்டோடும் முதுகு படும்படி வீழ்த்தினால் அதற்கு 'இப்போன்' என்று பெயர். அந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்துவிடும். தரையில் அமுக்கி 20 வினாடிகள் பிடித்து வைத்தாலும் அப்படித்தான். பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டியில் இன்று நேரம் 4 நிமிடம். அதற்குள் வெற்றி தோல்வி தெரியாவிட்டால் மேலதிக நேரம் தொடங்கும். அதற்கு எல்லை கிடையாது. ஒருவர் முடிக்கும் வரை ஆடவேண்டும்.

பிடித்த பிடியோடு ஒன்றும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி 'ஷிடோ' என்ற தண்டனையை அறிவிப்பார். பிடி கொடுக்காமல் விலகி விலகிப் போனாலும், பாயின் எல்லைக்கு வெளியே நழுவினாலும் ஷிடோதான். மூன்று ஷிடோ வாங்கினால் ஆட்டம் கைவிட்டுப் போகும். ஒரு தடவைகூடக் கீழே விழாதவர் தோற்றவராகப் பாயை விட்டு இறங்குவார். நமது வர்த்தகத்தில் இப்படி எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்! கடை தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் வரவில்லை, பங்காளி ஏமாற்றவில்லை. எவரும் அவர்களை வீழ்த்தவில்லை. பத்து வருடத்தில் கடை மட்டும் இல்லாமல் போய்விட்டது.

இந்தச் சட்டத்துக்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. நடுவரின் கண்ணுக்குத் தாக்குவது போலக் காட்டிவிட்டு, வீழ்த்தும் எண்ணமே இல்லாமல் கீழே விழுந்து நேரம் கடத்துபவரும் உண்டு. அது பொய்த் தாக்குதல். அதற்கும் ஷிடோ உண்டு. வேகமாக எதையாவது செய்வதுதான் தலைமைத்துவம் என்று நினைக்கும் நமது இளம் முதலாளிமார் சிலர் இதைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெயர்ப்பலகையை மாற்றுவார்கள், சாமான் வகையை மாற்றுவார்கள், மேனேஜரை மாற்றுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுறுசுறுப்பு. உள்ளே தீர்மானித்தது எதுவும் கிடையாது.

ஜூடோவை உருவாக்கியவர் கானோ ஜிகொரோ. 1860இல் பிறந்தவர். சிறிய உடம்புக்காரர். தன்னைவிடப் பலசாலிகளை எதிர்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஜுஜுட்சு என்ற பழைய மல்லுக்கலையைக் கற்கப் போனார். 1882இல், 21 வயதில், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்த ஆலயத்தில் 12 பாய்கள் விரித்த ஓர் இடத்தில் 9 மாணவர்களோடு 'கொடொகான்' என்ற தனது கூடத்தைத் தொடங்கினார். தொழிலால் அவர் கல்வியாளர். ஆசிரியர்களை உருவாக்கும் உயர் கல்லூரிக்கு நீண்ட காலம் அதிபராக இருந்தவர். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர். 1938இல் கெய்ரோவில் நடந்த அக்குழுவின் கூட்டத்துக்குப் போய்விட்டு, நாடு திரும்பும் வழியில் கப்பலிலேயே காலமானார்.

கல்வியாளர் என்பதால், பாயில் கற்பது வாழ்க்கைக்கு எப்படிப் பயன்படும் என்பதை அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். தனக்கும் எதிரிலுள்ளவருக்கும் உள்ள நிலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும், முந்திக்கொள்ள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், வெற்றியில் துள்ளவும் தோல்வியில் துவளவும் கூடாது என்பன அவர் வலியுறுத்திய விடயங்கள். இவற்றின் நடுவே வைத்த ஒன்றுக்கு ஜப்பானிய மொழியில் 'ஜுகுரியோ தன்கோ' என்று பெயர். நன்றாக ஆராய்வது முதற் பாதி, தயங்காமல் செய்து முடிப்பது மறு பாதி. இரண்டையும் அவர் பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்மில் சிலர் முதற் பாதியிலேயே ஆயுளைக் கழிக்கிறோம், சிலர் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறோம்.

இதைப் பழக்குவதற்கு அவர் கையாண்ட வழி முக்கியமானது. ஜூடோவில் 'கதா' என்ற பயிற்சி உண்டு. யார் எப்போது எப்படித் தாக்குவார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. 'ரன்டோரி' என்பது இன்னொன்று. அதில் எதுவும் தீர்மானிக்கப்பட்டிருக்காது. எதிரில் நிற்பவரும் உங்களை வீழ்த்தத்தான் பார்ப்பார். கதாவில் நுட்பம் வரும். முடிவெடுக்கும் பழக்கம் ரன்டோரியில்தான் வரும். பட்டப்படிப்பு முடித்துவிட்டுக் கடைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கதா நன்றாகத் தெரிந்திருக்கிறது. ரன்டோரிக்கு அவர்களை நாம் விடுவதில்லை.

ஒரு வீழ்த்தலை ஜூடோக்காரர்கள் மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள். எதிரியின் சமநிலையைக் குலைப்பது 'குசுஷி'. குலைந்த அந்தக் கணத்தில் தன் உடம்பைச் சரியான இடத்தில் பொருத்திக்கொள்வது 'சுகுரி'. வீழ்த்தி முடிப்பது 'காகே'. எதிரியின் சமநிலை குலைந்திருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். ஒரு கால் தூக்கி வைக்கப்பட்டு, பாரம் இன்னொரு காலுக்கு முழுதாக மாறாத இடைவெளி. அந்த நேரத்தில் உள்ளே போனால் 60 கிலோ மனிதர் 90 கிலோ மனிதரைத் தூக்கிப் போடலாம். அது கடந்தபின் போனால் சுவரில் மோதுவது போலத்தான்.

நமது நாட்டு இறக்குமதியாளர்களுக்கு இப்படியொரு கணம் 2022 மார்ச்சில் வந்தது. 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த டொலரை மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி தளரவிட்டது. இரண்டு மாதத்துக்குள் அது 360 ரூபா வரை போய்விட்டது. 90 நாள், 120 நாள் தவணையில் சரக்கு எடுத்து, பழைய டொலர் கணக்கில் விலை போட்டு விற்றுவிட்டு, புதிய டொலரில் கடன் கட்ட வேண்டியவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்திலேயே விற்பனையை நிறுத்தி, இருப்பைக் கணக்கெடுத்து, புதிய விலை போட்டவர்கள் காயத்தோடு தப்பினார்கள். டொலர் இறங்கிவிடும், பார்ப்போம் என்றிருந்தவர்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டு முதலை இழந்தார்கள். வங்கிகளில் டொலரே இல்லாதிருந்ததும் உண்மைதான். எல்லாவற்றையும் வியாபாரியின் தலையில் போட முடியாது. அதேவேளை 2023இல் ரூபா பலமடைந்து டொலர் 300 ரூபா அளவுக்கு வந்தபோது, உச்ச விலையில் களஞ்சியத்தை நிரப்பி வைத்திருந்தவர்கள் அடிபட்டார்கள். அவர்கள் தயங்கியவர்கள் அல்ல. கணம் கடந்தபின் உள்ளே போனவர்கள்.

ஜூடோவில் மிக ஆபத்தான இடம் எதுவென்று கேட்டால், பாதித் தாக்குதல் என்பார்கள். ஒருவர் வீழ்த்துவதற்காக முதுகைத் திருப்பி, ஒரு காலை உயர்த்திவிட்டார். அந்த நேரத்தில், சரிவருமா என்று ஒரு சந்தேகம். உடம்பு நின்றுவிடுகிறது. இப்போது அவர் ஒற்றைக் காலில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. இதற்கென்றே எதிர்வீழ்த்தல் நுட்பங்கள் தனியாக இருக்கின்றன. ஒன்றும் செய்யாதவர் ஷிடோவோடு தப்பலாம், பாதி செய்தவர் முதுகில் விழுவார்.

புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு துணி வியாபாரி கண்டியில் இரண்டாவது கடை திறந்தார். முற்பணம் கொடுத்தார், அலுமாரி அடித்தார், பெயர்ப்பலகையும் போட்டார். ஆனால் மனம் முழுதாகப் போகவில்லை. நல்ல சரக்கைக் கொழும்பில் வைத்துக்கொண்டு, ஓடாத சரக்கைக் கண்டிக்கு அனுப்பினார். திறமையான பையனைக் கொழும்பில் நிறுத்திவிட்டு, புதியவனை அங்கே போட்டார். சரிவந்தால் பிறகு நல்ல சாமான் அனுப்பலாம் என்பது அவர் எண்ணம். ஓடாத சரக்கைக் கொண்டு ஒரு கடை எப்படிச் சரிவரும்? ஒன்றரை வருடத்தில் மூடினார். இடம் பிழை என்று இன்றும் சொல்கிறார். அதே வரிசையில் அதே தொழில் செய்யும் நான்கு கடைகள் இன்றும் ஓடுகின்றன.

சரி, மனிதன் ஏன் பாதியில் நிற்கிறான்? விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான். ஜூடோ ஆசிரியர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக வரும் மாணவனுக்கு அவர்கள் முதலில் வீழ்த்தக் கற்றுக்கொடுப்பதில்லை. விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள். அதற்கு 'உகெமி' என்று பெயர். நாடியை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் படாமல் காத்து, கையால் பாயை ஓங்கி அறைந்து அதிர்ச்சியைப் பரவவிட்டு விழுவது. பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருண்டு விழுவது என்று வாரக்கணக்கில் இதுவேதான். பெற்றோர் சிலர், காசு கட்டி விழவா அனுப்பினோம் என்று முணுமுணுப்பார்கள். ஆனால் நன்றாக விழத் தெரிந்த பிள்ளையின் தாக்குதலைப் பாருங்கள். அது முழுதாகப் போகும். பிழைத்தால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். எழும்பி, அங்கியைச் சரிசெய்து, மறுபடி பிடிக்க வேண்டியதுதான்.

வியாபாரத்தில் உகெமி என்பது, இந்த முடிவு பிழைத்தால் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. புதிய சாமான் இறக்குகிறோமா? 3 இலட்சம் போனால் தாங்கலாம் என்றால் 3 இலட்சத்துக்கு இறக்கலாம். 30 இலட்சத்துக்கு இறக்குவதா என்று ஒரு வருடம் யோசித்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட இது மேலானது. வீட்டு உறுதியை ஈடுவைத்து, மனைவியின் நகையை வைத்து, மச்சானிடம் கைமாற்று வாங்கி முதல் போட்டவருக்குப் பாயும் இல்லை, உகெமியும் இல்லை. அவர் கொங்கிரீட் தரையில் ஜூடோ ஆடுகிறார். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு அவர் இறங்கியிருக்கவே கூடாது.

வேகமான முடிவு என்பது வேகமான சிந்தனை என்று பலர் நினைக்கிறார்கள். ஜூடோக்காரர்கள் ஒரே நுழைவை நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்பப் பழகுவார்கள். எதிரியைத் தூக்காமல், உள்ளே போய்ப் பொருத்திவிட்டு வெளியே வருவது மட்டும். அதனால் தருணம் வரும்போது மூளைக்கு வேலை குறைவு. நமது பழைய சில்லறை முதலாளிமாருக்கு இது வேறு விதமாக இருந்தது. அரிசியைக் கையில் எடுத்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்வார்கள். நாம் அதை அனுபவம் என்கிறோம். நாற்பது வருடம் ஒவ்வொரு மூடையிலும் கைவிட்டுப் பார்த்ததன் பலன் அது.

தனி மனிதனின் வளர்ச்சிக்கும் முடிவெடுப்பதற்கும் உள்ள தொடர்பைச் சொல்ல 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எடை வரம்பில்லாத பிரிவில் ஜப்பானின் யமஷிதா யசுஹிரோ ஆடினார். 1977 முதல் தோல்வியையே காணாதவர். ஆனால் ஆரம்பச் சுற்றில் மேற்கு ஜேர்மனி வீரருடன் ஆடும்போது அவரது வலது கெண்டைக்காலில் தசை கிழிந்துவிட்டது. நொண்டி நொண்டித்தான் அடுத்த சுற்றுக்கு வந்தார். அரையிறுதியில் பிரான்ஸ் வீரர் அவரை ஆரம்பத்திலேயே வீழ்த்திப் புள்ளி எடுத்தார். அதிலிருந்து மீண்டு வந்து இறுதிப் போட்டிக்குப் போனார். அங்கே எதிரில் நின்றவர் எகிப்தின் முஹம்மத் ரஷ்வான். அலெக்ஸாந்திரியாக்காரர், நமது சகோதரர்.

ரஷ்வானுக்கு யமஷிதாவின் கால் நிலைமை நன்றாகத் தெரியும். அரங்கில் எல்லோருக்கும் தெரியும். காயப்பட்ட காலைக் குறிவைத்தால் தங்கப் பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில். விதியும் அதைத் தடுக்காது. அந்தக் காலைப் பயன்படுத்தி வெல்வது தனது கொள்கைக்கு விரோதம் என்று அவர் தீர்மானித்திருந்தார். இறுதிப் போட்டி ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டியபோது முடிந்துவிட்டது. யமஷிதா அவரைத் தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். பரிசளிப்பின்போது மேடையில் ஏற யமஷிதாவுக்குக் கைகொடுத்தவர் ரஷ்வான். ரஷ்வானுக்கு யுனெஸ்கோ சார்ந்த நேர்மை விருது கிடைத்தது. 35 வருடங்கள் கழித்து, 2019இல், ஜப்பானிய அரசாங்கம் தனது உதய சூரிய விருதை அவருக்கு வழங்கியது.

அந்த ஆட்டத்தில் ரஷ்வானின் கால் எந்தப் பக்கம் போனது என்று ஒளிப்பதிவை வைத்து இன்னும் வாதம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எதைச் செய்யமாட்டேன் என்பதை அவர் பாயில் ஏறுமுன்பே தீர்மானித்திருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிடி பிடித்து, இரத்தம் சூடேறி, பதக்கம் கண்ணில் தெரியும்போது ஒழுக்கத்தைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. வட்டிக்குப் பணம் எடுப்பதில்லை, நிறையில் கைவைப்பதில்லை, பக்கத்துக் கடைக்காரர் ஜனாஸா வீட்டில் இருக்கும்போது அவரது வாடிக்கையாளரை வளைப்பதில்லை என்பன போன்ற முடிவுகளும் அப்படித்தான். நெருக்கடி வந்த பிறகு எடுக்க முடியாதவை. 2022இல் மருந்தும் பால்மாவும் கிடைக்காத நாட்களில் இது யார் யாருக்கு இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்பது ஒவ்வொரு ஊர் மக்களுக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பொறுத்திருப்பது எல்லாமே தயக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குத்துச்சண்டையில் முஹம்மத் அலியின் உதாரணம் இதற்குப் போதும். 1974 ஒக்டோபர் 30, கின்ஷாசா. அலிக்கு 32 வயது, ஜோர்ஜ் போர்மனுக்கு 25. பிரேசியரையும் நோர்ட்டனையும் இரண்டு சுற்றுக்குள் முடித்தவர் போர்மன். இரண்டாவது சுற்றிலிருந்து அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, முகத்தை மூடி, அடியை வாங்கத் தொடங்கினார். கயிற்றை விட்டு வா என்று அவரது பயிற்சியாளர்களே கத்தினார்கள். அவர் வரவில்லை. போர்மனின் கைகள் களைத்துப் போகட்டும் என்று எட்டாவது சுற்று வரை காத்திருந்தார். பிறகு சில வினாடிகளில் ஆட்டத்தை முடித்தார். வெளியிலிருந்து பார்த்தவருக்கு அவர் ஒன்றும் செய்யாமல் நிற்பதாகத்தான் தெரிந்திருக்கும். காத்திருப்பவரிடம் எதற்காக, எதுவரைக்கும் என்று கேட்டால் பதில் இருக்கும். தயங்குபவரிடம் அந்தப் பதில் இருக்காது.

இனி, நமது சகோதரர்கள் பலர் முடிவைத் தள்ளிப்போட மார்க்கத்தைக் காரணம் காட்டுவதைப் பற்றி. மஷூரா செய்ய வேண்டும், இஸ்திகாரா தொழ வேண்டும் என்பார்கள். இரண்டும் ஸுன்னத்தான நல்ல காரியங்கள், மறுப்பில்லை. ஆனால் இஸ்திகாரா பற்றிய ஹதீஸில், ஒருவர் ஒரு காரியத்தை நாடினால் இரண்டு ரக்அத் தொழுது துஆச் செய்யும்படிதான் சொல்லப்பட்டிருக்கிறது. நாட்டம் முதலில் வர வேண்டும். எதையும் நாடாமல், கனவில் பச்சை நிறம் தெரியும் வரை ஆறு மாதம் காத்திருப்பதற்கு அங்கே இடமில்லை. கனவு வருவது நிபந்தனை இல்லை என்று உலமாக்களும் விளக்கியிருக்கிறார்கள்.

மஷூராவுக்கு உஹதைவிட வேறு உதாரணம் எதற்கு? ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, குறைஷிகள் மதீனாவை நோக்கி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நகருக்குள் இருந்தே தற்காத்துக்கொள்வது அவர்களது சொந்த விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளக் கிடைக்காத இளைஞர்கள் பலர் வெளியே போய் எதிர்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். நபியவர்கள் அதை ஏற்று, உள்ளே சென்று கவசம் அணிந்து வந்தார்கள். அதற்குள் இளைஞர்களுக்கு மனம் மாறிவிட்டது. தாங்கள் விரும்பியபடியே நகருக்குள் இருப்போம் என்றார்கள். கவசம் அணிந்த ஒரு நபி, அல்லாஹ் தீர்ப்பளிக்கும் முன் அதைக் கழற்றுவது தகாது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொல்லிப் புறப்பட்டார்கள். வழியில் அப்துல்லாஹ் இப்னு உபை தனது ஆட்கள் சுமார் 300 பேருடன் திரும்பிப் போனபோதும் பயணம் நிற்கவில்லை.

அன்றைய முடிவு முஸ்லிம்களுக்குக் கடுமையாக இருந்தது. மலைமேல் நிறுத்தப்பட்ட வில்லாளர்கள் 50 பேரில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கியதால் வந்த வினை அது. ஆனால் இதற்குப் பின்னால்தான் ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனம் இறங்கியது. அவர்களை மன்னித்து, அவர்களிடம் ஆலோசனை கேட்கும்படியும், தீர்மானித்துவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படியும் அதில் கட்டளை வருகிறது. ஆலோசனையின்படி போய் இவ்வளவு இழந்த பிறகும் ஆலோசனை நிறுத்தப்படவில்லை. ஒரு தடவை மனேஜரின் பேச்சைக் கேட்டு நட்டப்பட்டால், அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு யாரிடமும் கேட்காத முதலாளிமார் இந்த வசனத்தை நிதானமாக ஓதிப் பார்க்கலாம். அந்த உஹதுக்குப் புறப்படும்போது வயது போதாது என்று திருப்பி அனுப்பப்படவிருந்த ஸமுரா என்ற சிறுவர், அனுமதி கிடைத்த ராஃபிஉவைத் தன்னால் மல்யுத்தத்தில் வீழ்த்த முடியும் என்று சொல்லி, வீழ்த்தியும் காட்டி, படையில் இடம் பெற்றதாக ஸீரா நூல்களில் வருகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல சம்பவம்.

தலைமைத்துவம் என்று வரும்போது முதலாளியின் தயக்கம் அவரோடு நிற்பதில்லை. அவர் பார்ப்போம் என்று சொன்னால், கீழே ஏழு பேர் கைகட்டி நிற்கிறார்கள். லொறிக்காரர் நிற்கிறார், வங்கியில் பத்திரம் நிற்கிறது. நல்ல வேலையாள் ஒருவர் கடையை விட்டுப் போவதற்குச் சம்பளம்தான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில்கூடக் கிடைக்காத இடத்தில் திறமைசாலிகள் நிற்கமாட்டார்கள். கராட்டே, ஜூடோ கூடங்களில் கறுப்புப் பட்டி பெற்றவரை வகுப்பின் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக்குவார்கள். சின்னப் பிள்ளைகள் இருபது பேரை வரிசைப்படுத்தி, அடுத்து என்ன பயிற்சி என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஓரத்தில் நின்று பார்ப்பார், குறுக்கே பேசமாட்டார். கறுப்புப் பட்டியின் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பெயருக்கு ஆரம்பப் படி என்றுதான் பொருள். பலர் அதை முடிவு என்று நினைத்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

முடிவு பிழைத்த பிறகு என்ன செய்வது என்பதும் இதே பாடத்தில் வருகிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் கனரகப் பிரிவு இறுதிப் போட்டியில் ஜப்பானின் ஷினோஹாராவும் பிரான்சின் டூயேயும் மோதினார்கள். டூயேயின் தாக்குதலை ஷினோஹாரா எதிர்வீழ்த்தலால் திருப்பினார். வென்றுவிட்டதாகவே நினைத்துக் கையையும் உயர்த்தினார். புள்ளி டூயேக்குக் கொடுக்கப்பட்டது. ஜப்பானில் பெரும் கொந்தளிப்பு. பயிற்சியாளராக இருந்த யமஷிதாவே முறைப்பாடு செய்தார். ஷினோஹாரா மட்டும் நடுவர்களைக் குறை சொல்லவில்லை. தன் பலவீனம்தான் காரணம் என்றார். தீர்ப்புக்குப் பிறகும் ஆட்டத்தில் நேரம் மீதியிருந்தது. ஜூடோ உலகம் பிற்காலத்தில் ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நடுவர் எல்லோர் முன்னிலையிலும் இப்போன் என்று கையை உயர்த்துவார், பிழை என்று தெரிந்தால் எல்லோர் முன்னிலையிலும் அதை இறக்குவார். அதனால் அவரது மதிப்புக் குறைவதில்லை.

மேல்மாடியைப் பற்றிக் கேட்ட மகனின் விடயத்துக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. முழுக் கடையையும் கொடுக்க வேண்டாம். ஒரு அலுமாரியைக் கொடுங்கள், ஒரு சாமான் வகையைக் கொடுங்கள், ஒரு தொகையைச் சொல்லுங்கள். என்ன வாங்குவது, எந்த விலைக்கு விற்பது, எப்போது கழித்துத் தள்ளுவது எல்லாம் அவனுடைய முடிவு. ஆறு மாதத்துக்கு வாய் திறக்கக் கூடாது. வாப்பாமாருக்குக் கடினமான பகுதி அதுதான்.